ஐந்து மணிக்கு விழித்திருந்தவள்

கணவருக்குத் தெரியாமல் நான் செய்த முதல் காரியம், போனில் வந்த ஒரு செய்தியை அழித்தது. அழிக்கும்படியாக அதில் எதுவும் இருக்கவில்லை. "அம்மாவுக்கு இன்று கொஞ்சம் சுகம். உங்கள் ஜெபத்துக்கு நன்றி." அவ்வளவுதான். அப்படியிருந்தும் அழித்தேன். ஏன் அழித்தேன் என்று அன்றைக்கே உட்கார்ந்து யோசித்திருந்தால் பிறகு நடந்தவை நடந்திருக்காது. நான் யோசிக்கவில்லை. தேநீர் ஊற்றப் போய்விட்டேன்.

அப்போது எனக்கு நாற்பத்தேழு வயது. பண்டத்தரிப்புப் பக்கத்தில் ஒரு சிறிய பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எங்கள் சபையின் பெண்கள் சங்கத்தை நடத்துகிறவளும் நான்தான். கணவர் வீட்டோடு சேர்ந்த காணியில் மரக்கறித் தோட்டம் செய்கிறார். அதிகம் கதைக்கமாட்டார். கதைத்தால் மழையைப் பற்றியும் பூச்சியைப் பற்றியும் கதைப்பார். ஒரே மகள் பல்கலைக்கழகத்துக்கென்று வெளியூர் போனபின் வீட்டில் இருவரும் ஒருவரையொருவர் கடந்து போய்க்கொண்டிருந்தோம். சண்டை ஒன்றும் கிடையாது. சண்டை பிடிக்கவும் கொஞ்சம் கதைக்கத்தானே வேண்டும்.

மகள் போனபிறகு எனக்கு விடியற்காலையில் நித்திரை கலைந்துவிடும். வீணாகப் புரண்டு படுத்திருப்பதைவிட எழுந்து ஜெபிக்கலாம் என்று ஐந்து மணி ஜெபத்தைத் தொடங்கினேன். சமையலறைக்குப் பக்கத்து அறையில் ஒரு மேசை, வேதம், ஒரு சின்ன விளக்கு. முதல் சில மாதங்கள் உண்மையாகவே ஜெபித்தேன். இதை எனக்காகச் சொல்லவில்லை. நல்ல இடத்தில்தான் அந்தச் சோதனை நுழைந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

கிறிஸ்மஸுக்கு நடந்த நத்தார் ஆராதனைப் படங்களைச் சபையின் முகநூல் பக்கத்தில் போட்டிருந்தார்கள். அதில் என்னைக் கண்டு கனடாவிலிருந்து ஒருவர் செய்தி அனுப்பினார். பதினெட்டு வயதில் என்னோடு ரியூசன் படித்தவர். அந்தக் காலத்தில் என்மேல் விருப்பம் என்று ஒரு சிநேகிதியிடம் சொல்லி அனுப்பியவர். நான் பதில் சொல்லுமுன் யுத்தத்தால் இடப்பெயர்வு வந்தது. அவர்கள் ஒரு பக்கம் போனார்கள், நாங்கள் ஒரு பக்கம். அதற்குப்பின் நான் அவரை நினைத்து ஏங்கினேன் என்று சொன்னால் பொய். மறந்தே போனேன். இப்போது அவருக்கு மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். தாயார் சண்டிலிப்பாயில் தனியாக, சுகமில்லாமல் இருந்தார். அம்மாவுக்காக ஜெபிக்க முடியுமா என்றுதான் கேட்டிருந்தார். ஜெபிக்கக் கேட்பவருக்கு எப்படிப் பதில் போடாமல் இருப்பது?

எங்களுக்கு விடியற்காலை ஐந்து மணியென்றால் அங்கே முதல்நாள் மாலை. வேலை முடிந்து வந்து, காருக்குள்ளேயே இருந்து எழுதுவாராம். மனைவிக்கு இரவு வேலை. அவர் வீட்டுக்குள் போக அவ வெளிக்கிட்டுவிடுவா. அவரும் கதைக்க ஆளில்லாத மனுஷன்தான். இதை நான் எழுதுவது அவரைக் கெட்டவராக யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக. கெட்டவராக இருந்திருந்தால் ஒரு கிழமையில் முடிந்திருக்கும்.

அம்மாவின் காய்ச்சலில் தொடங்கியது அம்மாவின் சமையலுக்குப் போனது. பிறகு என்னுடைய சமையலுக்கு வந்தது. இன்றைக்கு என்ன கறி, பள்ளிக்கூடத்துக்கு எத்தனை மணிக்கு, பிள்ளைகள் குழப்படியா. இருபத்துமூன்று வருடக் கலியாண வாழ்க்கையில் என் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றி யாரும் என்னிடம் இப்படி ஒவ்வொன்றாகக் கேட்டதில்லை. ஒருநாள் எழுதும்போது 'நீங்கள்' என்பதை விட்டு 'நீர்' என்று எழுதினார். எங்கள் ஊரில் கணவன் மனைவியை அழைப்பதும் அப்படித்தான். அவர் கவனமில்லாமல் எழுதியிருக்கலாம். நான் கவனித்தேன். திருத்தச் சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அன்று முழுவதும் வகுப்பில் நடந்து திரிந்தேன்.

அதற்குப்பிறகு நான் நாலரைக்கே எழும்பத் தொடங்கினேன். விளக்கைப் போட்டு, வேதத்தைத் திறந்து, அதன்மேல் போனை வைத்துக்கொண்டு காத்திருப்பேன். பிந்தினால் போனை எடுத்து எடுத்துப் பார்ப்பேன். செய்தி வந்து பதில் போட்டு, எல்லாவற்றையும் அழித்தபின், மிஞ்சிய ஐந்து நிமிடத்தில் அவசரமாக ஒரு ஜெபம். அந்த ஜெபத்தில் அவருடைய தாயாரின் பெயரைச் சொல்வேன். சொன்னால் மற்றதெல்லாம் சுத்தமாகிவிடும் என்பதுபோல.

பகலில் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது கைப்பைக்குள் போன் அதிர்வதுபோல் இருக்கும். போய்ப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. அரிசியைக் கழுவி வைத்துவிட்டு, மறந்துபோய் மறுபடியும் கழுவுவேன். ஒருநாள் ஒரு பிள்ளையின் கணக்குக் கொப்பியில் சரியான விடைக்கெல்லாம் பிழை போட்டுக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பிள்ளை கொப்பியைக் கொண்டுவந்து, "ரீச்சர், நான் திருப்பியும் செய்து பாத்தன், இதுதான் வருது" என்றாள். அழுதுவிடுவாள்போல் நின்றாள். நான் என் பிழையைத் திருத்திவிட்டு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த நிமிடமே கைப்பையைத் திறந்து போனைப் பார்த்தேன்.

லெந்து என்னும் தவக்காலம் வந்தது. வெள்ளிக்கிழமைக் கூட்டங்களில் ஒவ்வொரு கிழமையும் ஒருவர் பேச வேண்டும். போதகர் எனக்குக் கொடுத்த தலைப்பு, விழித்திருத்தல். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார் என்பதற்காகவே ஒத்துக்கொண்டேன்.

நான் பேசியவற்றில் மிக நன்றாகப் பேசியது அன்றைக்குத்தான். இயேசு விழித்திருக்கச் சொல்லியும் கெத்செமனேயில் நித்திரையாய்ப்போன சீஷர்களைப் பற்றிப் பேசினேன். சோதனை கள்ளனைப்போல மதில் ஏறி வருவதில்லை, தெரிந்தவரைப்போல வாசலில் நின்று கூப்பிடும் என்றேன். எங்கிருந்து அந்த வார்த்தைகள் வந்தன என்று எனக்கே தெரியவில்லை. முன்வரிசையில் இருந்த இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். முடிந்தபின் ஒருத்தி வந்து, அது சோதனைதான் என்று எப்படி அறிந்துகொள்வது என்று கேட்டாள். எந்தக் காரியத்தை மற்றவருக்கு முன்னால் செய்யமாட்டீரோ அதைச் சந்தேகப்படும் என்று தயங்காமல் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். அன்று யாரோ எடுத்த படத்தை, நீலச் சீலையோடு நான் பிரசங்க மேசையில் நிற்கும் படத்தை, அடுத்தநாள் விடிய ஐந்து மணிக்குக் கனடாவுக்கு அனுப்பினேன்.

உமக்கு நீலம் வடிவு என்று பதில் வந்தது.

அதிலிருந்து ஒரு கிழமை இருக்கும். பக்கத்து வளவு அக்கா வேலியடியில் நின்று கதைத்துக்கொண்டிருந்தா. அவர்கள் சைவக் குடும்பம், எங்களைப்போலத் தோட்டக்காரர்கள். எங்கள் மிளகாய்க் கன்றுகள் இந்த முறை வாடித் தெரிகின்றன என்றா. நேரத்தோடு தண்ணீர் விடாவிட்டால் அப்படித்தான், வெயில் ஏறினபிறகு விட்டுப் பிரயோசனமில்லை என்றா. எனக்கு விளங்கவில்லை. கணவர் எப்போதும் விடியற்காலையில்தானே கிணற்று மோட்டரைப் போடுவார்?

"அதெங்கை போடுறார், ரீச்சர்" என்றா அக்கா. "நீங்கள் ஜெபத்திலை இருக்கிறியளாம். மோட்டர் சத்தம் உங்களைக் குழப்புமாம். நீங்கள் எழும்பி வரும் மட்டும் தோட்டத் தறைக்குள்ளை சும்மா குந்திக்கொண்டு இருக்கிறார். எங்கடை ஆள் நான் தேவாரம் படிக்கேக்கை ஒருநாள் எண்டாலும் ரேடியோவைக் குறைச்சிருக்குமோ?"

சிரித்துக்கொண்டே சொன்னா. நானும் சிரித்தேன். பிறகு உள்ளே வந்து குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு நின்றேன். காலையில் மோட்டர் சத்தம் கேட்காததை இத்தனை நாளாக நான் கவனிக்கவே இல்லை. போனிலிருந்து வரும் சின்னச் சத்தத்துக்கு மட்டும் காதைத் தீட்டி வைத்திருந்தவளுக்கு அந்தப் பெரிய சத்தம் நின்றுபோனது தெரியவில்லை.

இனி இல்லை என்று முடிவெடுத்தேன். அன்று மாலையே கணவரிடம், மோட்டரைப் போடுங்கள், எனக்கொரு குழப்பமும் இல்லை என்று சொன்னேன். அது பரவாயில்லை, நீர் ஜெபியும் என்றார். அடுத்தநாளும் மோட்டர் ஓடவில்லை. நாலு நாள் போனை மகளின் அறையில் வைத்துப் பூட்டினேன். நாலு நாளும் ஐந்து மணிக்கு மேசையில் இருந்தேன். ஜெபம் வரவில்லை. எழுந்து நடந்தேன், திரும்பி இருந்தேன். ஐந்தாம்நாள் கதவைத் திறந்தேன்.

அவருடைய செய்தி காத்திருந்தது. அம்மா மிகவும் மோசம், புதன்கிழமை யாழ்ப்பாணம் வருகிறேன், பத்து நாள் நிற்பேன் என்று. கடைசியில், ஒருமுறை உம்மைப் பார்க்கலாமா?

பார்க்கலாம் என்று எழுதினேன். நாலு நாள் நோன்பிருந்தவள் சாப்பாட்டில் விழுவதுபோல விழுந்தேன்.

யாழ்ப்பாண நகரத்தில் ஒரு ஐஸ்கிறீம் கடை, பகல் பதினொரு மணி. கணவரிடம் வலயக் கல்வி அலுவலகத்தில் வேலை என்றேன். பள்ளிக்கூடத்துக்குச் சுகமில்லை என்று அறிவித்தேன். நீலச் சீலையை எடுத்து, வைத்து, மறுபடியும் எடுத்து உடுத்தேன். கணவர் பஸ்சடிவரை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். குடை கொண்டுவந்தீரா என்று மட்டும் கேட்டார்.

பஸ்ஸில் யன்னலோரம் இடம் கிடைத்தது. யாராவது சபையாட்கள் எங்களை அந்தக் கடையில் கண்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். பொய் சுலபமாக வந்தது. அவருடைய தாயார் மரணப்படுக்கையில் இருக்கிறா, அவருக்கு ஆறுதல் சொல்லி ஜெபிக்கத்தான் வந்தேன் என்று சொல்லலாம். யாரும் நம்புவார்கள். போதகரே மெச்சுவார். சண்டிலிப்பாய் கழிந்தது. அந்தப் பொய்யை மனதுக்குள் இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தேன், வகுப்பில் பேச்சுப்போட்டிப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல. மூன்றாம் தரம் சொல்லும்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. பிடிபட்டால் ஒளிவதற்கு நான் தேடி வைத்திருந்த இடம் ஆண்டவருடைய பெயர். இதற்குப்பிறகு நான் எந்த முகத்தோடு அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது?

மானிப்பாயில் இறங்கிவிட்டேன்.

இறங்கியதும் மனம் ஆறும் என்று நினைத்தேன். ஆறவில்லை. வீதியோரத்தில், ஒரு கடை வாசலில் நின்றேன். நேரம் பத்தேகால். யாழ்ப்பாணம் போகும் அடுத்த பஸ் வந்தது. என் கால் படியில் ஏறிவிட்டது. கொண்டக்டர், "ஏறுங்கோ அக்கா" என்றார். இறங்கினேன். அவர் என்னைத் திட்டிவிட்டு விசிலடித்தார். சிறிது நேரத்தில் ஒரு தனியார் மினிபஸ் வந்தது. அதற்கும் இரண்டு அடி முன்னால் போய் நின்றேன். மூன்றாவது வந்தால் ஏறிவிடுவேன் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஜெபிக்கத் தெரிந்த எனக்கு அந்த நேரத்தில் ஒரு வசனமும் வரவில்லை. போனை எடுத்துக் கணவரை அழைத்தேன்.

"மானிப்பாயிலை நிக்கிறன். வந்து ஏத்துறீங்களோ?"

"சுகமில்லையோ?"

"இல்லை. கெதியா வாங்கோ."

அவர் வருமுன் இரண்டு பஸ் போனது. நான் கடைக்குள் போய், வீதிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தேவையில்லாமல் கரும்பலகைக்கு ஒரு பெட்டி சோக்கும் அரைக் கிலோ சீனியும் வாங்கினேன். அவர் தோட்டத்தில் நின்றபடியே வந்திருந்தார். முழங்கால்வரை சேறு. நான் பின்னால் ஏறினேன். வீடுகள் குறைந்து வயல் தொடங்கும் இடத்தில் நிறுத்தச் சொன்னேன்.

இறங்கி முன்னால் வந்து நின்று சொன்னேன். இப்படித்தான் சொல்ல வேண்டும் என்று பின்னாலிருந்து ஒழுங்குபடுத்தி வைத்திருந்ததெல்லாம் போய்விட்டது.

"விடிய அஞ்சு மணிக்கு நான் ஜெபம் பண்ணேல்லை. கனடாவிலை இருக்கிற ஒராளோடை கதைச்சுக்கொண்டிருந்தனான். இண்டைக்கு அவரைப் பாக்கத்தான் வெளிக்கிட்டனான்."

அவர் மோட்டார் சைக்கிளில் தொங்கிய திறப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நாளாக என்று கேட்டார். மூன்று மாதம் என்றேன். ஆளைப் பார்த்தீரா என்றார். இல்லை, இங்கேயே இறங்கிவிட்டேன் என்றேன். பஸ்கள் இரண்டு எங்களைத் தாண்டிப் போயின. பிறகு மெல்லக் கேட்டார்:

"அப்ப நான் மோட்டர் போடாமல் இருந்தது ஆருக்கு?"

அவரே மோட்டார் சைக்கிளைக் கிளப்பிவிட்டு "ஏறும்" என்றார். ஏறினேன். வீடுவரை அவருடைய தோளைப் பிடிக்காமல், இருக்கையின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து, அவரை முன்னால் வைத்துக்கொண்டு கனடாக்காரருக்கு எழுதினேன். நான் வரமாட்டேன், இனி எழுதவும் மாட்டேன், என் கணவருக்குச் சொல்லிவிட்டேன் என்று. மன்னிக்க வேண்டும் என்று உடனே பதில் வந்தது. அதைக் கணவரே வாசித்தார். வாசித்துவிட்டுப் போனை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

அடுத்தநாள் விடிய ஐந்து மணிக்கு மோட்டர் போட்டார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நான் அந்தச் சத்தத்துக்குள் முழந்தாளிட்டு இருந்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

பெண்கள் சங்கப் பொறுப்பிலிருந்து விலக வேண்டும் என்று போதகரிடம் போனேன். அவர் விவரம் கேட்டார். முழுவதும் சொல்லாமல், சொல்ல வேண்டியதைச் சொன்னேன். கொஞ்ச நாள் ஆராதனையில் கடைசி வரிசை வாங்கில் இருந்து மற்றவர்கள் ஜெபிப்பதைக் கேளும் என்றார். கடைசி வாங்கில் இருந்தபோது எனக்கு வந்த முதல் எண்ணம், எனக்குப் பதிலாகப் பேசியவள் என்னளவு நன்றாகப் பேசவில்லை என்பது. ஒன்றைத் துரத்தி முடிக்கவில்லை, அதற்குள் மற்றது வந்து இருந்துவிட்டது.

வீட்டில் கணவர் தேவைக்கு மட்டும் கதைத்தார். ஆனால் எதிர்பாராத நேரங்களில் ஒவ்வொரு கேள்வி வரும். கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது வந்து, அந்த ஆள் என்னதான் கேட்பார் என்றார். என்ன சமைத்தேன், என்ன உடுத்தேன், பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று கேட்பார் என்றேன். அவ்வளவுதானா என்றார். அவ்வளவுதான் என்றேன். நம்பமுடியாதவரைப்போல என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். அது நடந்து சில நாள் கழித்து, கைகால் கழுவிவிட்டுக் கொடியில் கிடந்த துவாயை எடுத்தவர், அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு, இன்றைக்கு வகுப்பில் எத்தனை பிள்ளைகள் வந்தார்கள் என்று கேட்டார். இருபத்தொன்று என்றேன். "ஆ" என்றார். அடுத்து என்ன கேட்பதென்று தெரியாமல் துவாயை மறுபடியும் உதறினார்.

அந்த மாதக் கடைசியில் சண்டிலிப்பாயில் கனடாக்காரரின் தாயார் இறந்துபோனா. சபைக்குத் தெரிந்த குடும்பம். போகாமல் விட்டால் கதை வரும். போனால் எனக்கு என்னவாகும் என்று எனக்குத் தெரியாது. அதைக் கணவரிடம் அப்படியே சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரெண்டுபேருமாப் போவம்" என்றார். நான் வெள்ளைச் சீலை உடுத்தேன்.

செத்தவீட்டில், பத்து நாளில் திரும்பாமல் நின்றுவிட்ட மகன் வாசலில் நின்று வருகிறவர்களின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். தலைமயிர் நரைத்திருந்தது. நித்திரையில்லாத கண். தாயை இழந்த ஒரு மகன், வேறொன்றுமில்லை. கணவர் முன்னால் போய்க் கையைக் கொடுத்து, தோட்டக்காரர்கள் கேட்பதுபோல, அம்மா கடைசியில் தண்ணீர் குடித்தாவா என்று கேட்டார். ஒரு மிடறு குடித்தா என்று அவர் சொன்னார். சொல்லும்போது உடைந்துபோனார். கணவர் அவருடைய கையை விடாமல் நின்றார். கையைப் பிடித்திருப்பவர் என் கணவர் என்று அந்த மகனுக்குத் தெரியும். என்னை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் பெண்கள் இருந்த பக்கம் போய் இருந்தேன். பாட்டுப் படிக்கும்போது என் கண் வாசல் பக்கம் போனது. இழுத்துக்கொண்டு வந்தேன். திரும்பவும் போனது.

மோட்டார் சைக்கிளில் திரும்பி வரும்போது கணவர் அடங்கிய குரலில், காற்றுக்குள் கேட்டார்.

"இப்பவும் மனம் ஓடுதோ?"

இல்லை என்று வாய்வரை வந்தது.

"ஓம்" என்றேன். "கொஞ்சம்."

ஒரு மதகைக் கடந்தோம். "ஓடேக்கை சொல்லும்" என்றார். "ஓடி முடிஞ்சாப்பிறகு சொல்லாதேயும்."

அது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்பது பிறகு தெரிந்தது. சொல்லும் நாட்களில் முகம் இருண்டுபோவார். சில நாள் சாப்பிடாமல் தோட்டத்துக்குப் போய்விடுவார். ஆனால் கேட்டதை வாபஸ் வாங்கவில்லை. நானும் எல்லா நாளும் சொல்வதில்லை. சொல்லாத நாட்களில் அது வீட்டுக்குள் நடமாடித் திரிவது எனக்குத் தெரியும்.

போன கிழமை பள்ளிக்கூடத்துக்கு வந்த ஆசிரிய ஆலோசகர் ஒருவர், என் வகுப்பைப்போல் ஒரு வகுப்பைத் தான் கண்டதில்லை என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னார். அந்த வார்த்தையைத் திரும்பத் திரும்ப மென்றுகொண்டு வீட்டுக்கு வந்தேன். அவர் நாளைக்கு மறுபடியும் வருவாரா, எந்தச் சீலை உடுக்கலாம் என்றுகூட எண்ணம் போனது. கணவர் கீரைக்கட்டுகளைக் கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்று, மனம் ஓடியதைச் சொன்னேன். அவர் நிமிராமல் "ம்" என்றார். இவ்வளவு பாடுபட்டுச் சொன்னதற்கு வெறும் "ம்" தானா என்று எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தையும் சொன்னேன்.